பிரிண்டர் மேல தப்பு இல்ல: பழைய நெட்வொர்க்ல ஷேர்டு பிரிண்டர் ஏன் அடம் பிடிக்குது

சென்னை பாரிஸ் கார்னர்ல தம்புச்செட்டி தெருவுல ஒரு வக்கீல் ஆபீஸ், மாடிப்படி ஏறினா மூணு சிஸ்டம், ஒரே ஒரு பிரிண்டர். காலைல 9.40க்கு குமாஸ்தா போன் பண்றார். "தம்பி, பிரிண்டர் அவுட்டு. 10.30க்கு சீனியர் கோர்ட்ல நிக்கணும், அஃபிடவிட் இன்னும் வெளிய வரல." நான் திருப்பி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே, பிரிண்டர் ஒயர் எந்த சிஸ்டத்துல சொருகியிருக்கோ அதுலேர்ந்தே ஒரு பேஜ் அடிச்சு பாருங்க". அடிச்சார், வந்துடுச்சு. அப்புறம் ஜூனியர் லேப்டாப்லேர்ந்து ஃபைல பென் டிரைவ்ல போட்டு அந்த சிஸ்டத்துக்கு கொண்டுவந்து அடிச்சு எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. மிச்சத்த மத்தியானம் நான் போய் பாத்தேன்.

ஷேர்டு பிரிண்டர் கம்ப்ளெயின்ட்ல எல்லாரும் முதல்ல தட்டறது பிரிண்டரத்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க, டோனர உருவி குலுக்குவாங்க, ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்கு தூக்கிட்டு போறவங்களும் உண்டு. ஒயர் போட்ட சிஸ்டத்துல பேஜ் வந்துச்சுன்னா பிரிண்டர் நிரபராதி, அத விட்டுடணும். தகராறு ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல. அதுவும் பழைய நெட்வொர்க்னா அந்த தகராறு பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கும், ஒண்ணு தாத்தா காலத்து சிஸ்டம், ஒண்ணு பேரன் காலத்து சிஸ்டம், ரெண்டும் பேசற பாஷையே வேற, ஒருத்தர ஒருத்தர் நம்பறதுக்கு வெச்சிருக்கற ரூல் அதவிட வேற.

அந்த ஆபீஸ்ல என்ன இருந்துச்சுன்னா, குமாஸ்தாகிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பி, 32 பிட், பிரிண்டர் அதுலதான். ஸ்டெனோ அக்காகிட்ட விண்டோஸ் 7, 64 பிட். ஜூனியர் புதுசா வாங்கின லேப்டாப்ல விண்டோஸ் 11. பிரிண்டர் வந்து எச்பி லேசர்ஜெட் 1020, சென்னைல பாதி ஆபீஸ்ல இதுதான் இருக்கும், இல்லன்னா கேனான் எல்பிபி 2900. ரெண்டுலயும் நெட்வொர்க் கேபிள் சொருகற ஓட்டை கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான், அதனாலதான் ஷேரிங்கே தேவப்படுது. "ஏன்ணே இன்னும் எக்ஸ்பி?"ன்னு கேட்டா, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் டாஸ் காலத்துது, 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் புரோகிராம ஓட்டவே ஓட்டாது, அதுக்காகவே அந்த சிஸ்டம் உசுரோட இருக்கு. திருவல்லிக்கேணி பக்கம் டிடிபி கடைங்கள்ல கேட்டா வேற காரணம் சொல்லுவாங்க, யூனிகோடுக்கு முன்னாடி வந்த தமிழ் ஃபான்ட்ல பேஜ்மேக்கர்ல பண்ண வேலையெல்லாம் அந்த சிஸ்டத்துலதான் ஒழுங்கா திறக்கும்னு. சும்மா "அப்கிரேட் பண்ணிடுங்க சார்"னு சொல்லிட்டு வந்துட முடியாது, அதுக்கு பின்னாடி பத்து வருஷ வேலை கெடக்கு.

சரி, பிரிண்ட் குடுத்தா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துடலாம். உங்க சிஸ்டத்துல ஸ்பூலர்னு ஒரு சர்வீஸ் ஓடும், அது உங்க டாக்குமென்ட வாங்கி வரிசைல வெக்கும். அப்புறம் அந்தப் பக்கம் பிரிண்டர் வெச்சிருக்கற சிஸ்டத்த பேர் சொல்லியோ ஐபி நம்பர் சொல்லியோ தேடும், கெடச்சா எஸ்எம்பின்ற பாஷைல, அதாவது ஃபைல், பிரிண்டர் ஷேர் பண்ண விண்டோஸ் சிஸ்டங்க பேசிக்கற பாஷைல பேசி உள்ள போகும், "யார் நீ?"ன்னு கேக்கறதுக்கு பதில் சொல்லும், அதுக்கப்புறம் அங்க இருக்கற ஸ்பூலர்கிட்ட வேலைய ஒப்படைக்கும். அட்ரஸ், பாஷை, ஆள் அடையாளம், டிரைவர் (டாக்குமென்ட பிரிண்டருக்கு புரியற மாதிரி மாத்திக் குடுக்கற சாஃப்ட்வேர்), இதுல எங்க அறுந்தாலும் உங்களுக்கு தெரியறது ஒரே மாதிரி ஒரு பெட்டி, "விண்டோஸ் கெனாட் கனெக்ட் டு த பிரிண்டர்", கீழ ஜீரோ எக்ஸ்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர்.

அந்த நம்பர யாரும் படிக்கறதில்ல, அதான் வருத்தம். அது ஹெக்ஸ் நம்பர், பத்துக்கு பதிலா பதினாறு பதினாறா எண்ற கணக்கு. கால்குலேட்டர்ல புரோகிராமர் மோட் போட்டு டெசிமலா மாத்திட்டு, கமாண்ட் பிராம்ப்ட்ல net helpmsgனு டைப் பண்ற கமாண்ட் ஒண்ணு இருக்கு, அதுக்கு பக்கத்துல அந்த நம்பர குடுத்தா அதுவே அர்த்தம் சொல்லும். முடிவுல 35னு வந்தா டெசிமல்ல 53, நெட்வொர்க் பாதை கெடைக்கலன்னு அர்த்தம், அதாவது அட்ரஸ்லயே கோளாறு, டிரைவர நோண்டாதீங்க. 5னு வந்தா அனுமதி இல்ல. 6பிஏன்னா 1722, ஆர்பிசி (ஒரு சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்துகிட்ட வேலை சொல்ற வழி) சர்வர் கெடைக்கலன்னு அர்த்தம், அந்தப் பக்கம் ஸ்பூலர் படுத்திருக்கலாம், இல்ல ஃபயர்வால் மறிச்சிருக்கலாம். 709ன்னா 1801, பிரிண்டர் பேரு செல்லாதுன்னு அர்த்தம், ஆனா இது கொஞ்சம் பொய் சொல்லும், கீழ சொல்றேன். எல்லா நம்பருக்கும் இந்த வித்தை உதவாது, ஆனா பாதிக்கு மேல உதவும், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்"னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் செலவு பண்ணலாம்ல.

அட்ரஸ் விஷயத்துக்கு வருவோம். பழைய ஒர்க்குரூப்ல "நெட்வொர்க்" ஐக்கான தொறந்தா சிஸ்டம் பேரெல்லாம் வரிசையா வரும் பாருங்க, அத நம்பாதீங்க. அந்த லிஸ்ட்ட தயார் பண்றது நெட்வொர்க்ல ஏதோ ஒரு சிஸ்டம், மாஸ்டர் பிரவுசர்னு பேரு, தேர்தல் மாதிரி நடத்தி அதுங்களே ஒருத்தர தேர்ந்தெடுத்துக்கும். ஒவ்வொரு சிஸ்டமும் 12 நிமிஷத்துக்கு ஒரு தடவ "நான் இருக்கேன்"னு குரல் குடுக்கும், மூணு தடவ குரல் வரலன்னாதான் பேர எடுக்கும், அப்புறம் அந்த மாத்தம் பேக்கப் லிஸ்ட்டுக்கு போய் சேர இன்னொரு 15 நிமிஷம். கூட்டிப் பாத்தா 51 நிமிஷம் வரைக்கும் ஆஃப் பண்ண சிஸ்டம் லிஸ்ட்ல உசுரோட தெரியும். அதே மாதிரி ஆன்ல இருக்கற சிஸ்டம் லிஸ்ட்ல இல்லாமலும் போகும். அதனால ரன் பாக்ஸ்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபி நம்பர நேரா அடிங்க. ஐபில தொறக்குது, பேர்ல தொறக்கலன்னா பேர் பிரச்சன மட்டும்தான். இந்த பழைய நெட்பயாஸ் பேருக்கு 15 எழுத்துதான் லிமிட், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கம்பெனி பேர முழுசா வெச்சு சிஸ்டத்துக்கு நாமகரணம் பண்றவங்க உண்டு.

ஐபிலயும் ஒரு தொல்லை. நம்ம ஊர்ல கரென்ட் போய் வந்தா ரவுட்டர் புதுசா எழுந்திரிக்கும், எழுந்ததும் ஐபிய மாத்தி மாத்தி குடுத்துடும், நேத்து 5ல முடிஞ்ச சிஸ்டம் இன்னைக்கு 7ல முடியும், ஜூனியர் லேப்டாப் இன்னும் 5ஐ தேடிட்டு இருக்கும். ரவுட்டர்ல அந்த சிஸ்டத்துக்கு ஐபிய ரிசர்வ் பண்ணி வெச்சுட்டா இது தீந்துச்சு. ஐபி 169.254னு ஆரம்பிச்சுதுன்னா ரவுட்டர்கிட்ட இருந்து நம்பரே வாங்கல, கேபிள், ஸ்விட்ச் பக்கம் போய் பாருங்க, எலி கடிச்ச கேபிள் பாரிஸ் பக்கம் புதுசில்ல.

இன்னொண்ணு, இது இப்ப அதிகமா வருது. ஃபைபர் கனெக்ஷன் போட வர்றவங்க அவங்க பாக்ஸ்லயே வைஃபை குடுத்துட்டு போயிடறாங்க, பழைய ரவுட்டர கழட்டாம அதுக்கு கீழ சொருகிடறாங்க. லேப்டாப் புது பாக்ஸ் வைஃபைல, மத்த சிஸ்டம் எல்லாம் பழைய ரவுட்டர் கேபிள்ல. ரெண்டு பேருக்கும் இன்டர்நெட் வரும், ஒருத்தருக்கு ஒருத்தர் மட்டும் தெரியாது, ஏன்னா ஒருத்தர் 192.168.1ல இருக்கார், இன்னொருத்தர் 192.168.0ல இருக்கார், நடுவுல சுவர். அதோட ரவுட்டர் மாறினா விண்டோஸ் அத புது ஊர்னு நெனச்சு "பப்ளிக்"னு முத்திர குத்திடும், பப்ளிக்னா ஷேரிங் கதவ மூடிடும். பிரைவேட்னு மாத்தினா போதும், அத விட்டுட்டு ஃபயர்வாலையே ஆஃப் பண்ணி வெக்கறாங்க, அது வேண்டாம்.

இப்ப பாஷை. இங்கதான் பழைய நெட்வொர்க்கோட பெரிய குழியே இருக்கு. எக்ஸ்பிக்கு எஸ்எம்பில முதல் வெர்ஷன் மட்டும்தான் தெரியும். விஸ்டால 2 வந்துச்சு, விண்டோஸ் 7ல 2.1, விண்டோஸ் 8ல 3. ரொம்ப வருஷம் எல்லா விண்டோஸும் முதல் வெர்ஷனையும் சேத்தே பேசிட்டு இருந்துச்சு, அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. 2017 மே 12 அன்னைக்கு வான்னாக்ரைன்னு, ஃபைல பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ் ஒண்ணு கெளம்பிச்சு, அந்த முதல் வெர்ஷன்ல இருந்த ஓட்டைய வெச்சே ஒரு சிஸ்டத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு தானா பரவிச்சு. இத்தனைக்கும் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச் 14லயே மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டிருந்தாங்க. எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014 ஏப்ரல் 8லயே முடிஞ்சு போச்சு, இருந்தும் பாதிப்பு பாத்துட்டு அதுக்கும் ஒரு பேட்ச் விட்டாங்கன்னா எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்துக்கோங்க.

அதுக்கப்புறம் 2017 கடைசில வந்த விண்டோஸ் 10 வெர்ஷன் 1709லேர்ந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணா முதல் வெர்ஷன் எஸ்எம்பிய எடிஷனுக்கு ஏத்த மாதிரி பாதியாவோ முழுசாவோ எடுத்துட்டாங்க. பழசுலேர்ந்து அப்கிரேட் ஆன சிஸ்டத்துல இருக்கும், ஆனா 15 நாள் யாரும் உபயோகப்படுத்தலன்னா தானா கழண்டுக்கும், அதுவும் சிஸ்டம் ஆன்ல இருக்கற நேரத்த மட்டும் எண்ணி 15 நாள். "போன மாசம் வரைக்கும் வேலை செஞ்சுது தம்பி, யாரும் தொடல"ன்னு சொல்லுவாங்கல்ல, அவங்க பொய் சொல்லல, நெஜமாவே யாரும் தொடல, தொடாததுதான் பிரச்சனையே.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் அந்த முதல் வெர்ஷனுக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணா புது லேப்டாப் எக்ஸ்பியோட பேச ஆரம்பிச்சுடும், நிறைய பேர் அதத்தான் பண்றாங்க. எனக்கு அது புடிக்கல. வான்னாக்ரை நொழஞ்ச அதே பாஷைய புது லேப்டாப்ல திரும்ப ஏத்தறோம், அந்த லேப்டாப் ஆபீஸ், வீடு, காபி கடைன்னு எல்லா வைஃபையிலயும் சுத்தறது.

ஆள் அடையாளம் விஷயம் சின்னதுதான் ஆனா தலைய சுத்த வெக்கும். எக்ஸ்பி காலத்துல சிம்பிள் ஃபைல் ஷேரிங்னு ஒண்ணு, வர்றவங்க எல்லாரையும் கெஸ்ட்டுனு உள்ள விட்டுடும், திண்ணை மாதிரி. பின்னாடி வந்த விண்டோஸ் திண்ணைய இடிச்சுட்டே வந்துச்சு, இப்ப விண்டோஸ் 11 புரோ 24எச்2 வெர்ஷன்ல கெஸ்ட்டா போறதையே லேப்டாப் பக்கத்துலேர்ந்து தடுத்துடுது. இன்னொரு பக்கம் பாஸ்வேர்டே இல்லாத அக்கவுன்ட்ட நெட்வொர்க் வழியா எக்ஸ்பிலேர்ந்தே உள்ள விடறதில்ல, அதனால "நாங்க பாஸ்வேர்டே வெக்கலையே, அப்புறம் ஏன் பாஸ்வேர்டு கேக்குது?"ன்னு கேக்கறாங்க. வெக்காததுனாலதான் கேக்குது. பிரிண்டர் வெச்சிருக்கற சிஸ்டத்துல பிரிண்ட்டுக்குன்னே ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு போட்டு அத மத்த சிஸ்டங்கள்ல கிரெடென்ஷியல் மேனேஜர்ல சேவ் பண்ணிடுங்க. கொஞ்சம் பெரிய ஆபீஸ்னா இன்னொரு வேடிக்கை, எக்ஸ்பி புரோ ஒரே நேரத்துல 10 கனெக்ஷன்தான் ஏத்துக்கும், ஹோம்னா 5, விண்டோஸ் 7 புரோனா 20. பதினோராவது ஆள் பிரிண்ட் குடுத்தா எர்ரர், யாராவது லஞ்சுக்கு போனா சரியாயிடும். இத பேய்னு நெனச்ச ஆபீஸ் எனக்கு தெரியும்.

அடுத்தது 2021. அந்த வருஷம் பிரிண்டர் ஷேரிங் வேலை பண்ற யாருக்கும் மறக்காது. ஸ்பூலர் சர்வீஸ் எல்லா விண்டோஸ்லயும் சும்மாவே ஓடிட்டு இருக்கும், அதுவும் சிஸ்டத்தோட உச்ச அதிகாரத்துல. பிரிண்ட்நைட்மேர்னு பேர் வெச்ச ஓட்டை அதுல வெளிய வந்து, ஜூலை 6 அவசர பேட்ச் வந்துச்சு, ஆகஸ்ட் 10 வந்த அப்டேட் பிரிண்டர் டிரைவர் போடறதுக்கே அட்மின் உரிமை வேணும்னு மாத்திடுச்சு. அது வரைக்கும் ஷேர்டு பிரிண்டர டபுள் கிளிக் பண்ணா டிரைவர் தானா எறங்கும், அந்த சொகம் அன்னைக்கோட முடிஞ்சுது. அடுத்து செப்டம்பர் 14, இன்னொரு தனி ஓட்டைக்கு ஜனவரிலயே பாதி போட்டிருந்த பூட்ட முழுசா போட்டாங்க, அதாவது பிரிண்டர் வெச்சிருக்கற சிஸ்டம் இனிமே என்கிரிப்ட் பண்ணி பேசற ஆளோட மட்டும்தான் பேசும். மறுநாள்லேர்ந்து ஊர் பூரா 11பின்னு முடியற எர்ரர். அப்டேட் வாங்காத பழைய சிஸ்டத்துக்கு அந்த மாதிரி பேச தெரியாதுல்ல.

அதுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்தியம் இருக்கு, கன்ட்ரோல்ல பிரிண்ட் கீக்கு கீழ RpcAuthnLevelPrivacyEnabledனு ஒரு வேல்யூ போட்டு அத 0 ஆக்கி ஸ்பூலர ரீஸ்டார்ட் பண்றது. இத பிரிண்டர் வெச்சிருக்கற சிஸ்டத்துல போடணும். முக்கால்வாசி பேர் எர்ரர் வர்ற சிஸ்டத்துல போட்டுட்டு "வேலை செய்யல"ன்னு உக்காந்திருப்பாங்க. போட்டா அந்த ஓட்டை திரும்ப தொறக்கும்னும் தெரிஞ்சே போடணும். அப்டேட்டையே அன்இன்ஸ்டால் பண்றது அதவிட மோசம், ஒரு ஜன்னலுக்காக வீட்டு கதவ கழட்டற கதை.

709 பொய் சொல்லும்னு சொன்னேன்ல. விண்டோஸ் 11 22எச்2லேர்ந்து பிரிண்ட் பேச்சு நேம்டு பைப்ன்ற பழைய வழிய விட்டுட்டு நேரா டிசிபி வழியா போக ஆரம்பிச்சுது. எதிர்ல இருக்கற பழைய சிஸ்டமோ ஃபயர்வாலோ அதுக்கு ஒத்துவரலன்னா "பிரிண்டர் பேரு தப்பு"ன்னு 709 வரும், பேர்ல ஒரு தப்பும் இருக்காது. விண்டோஸ் 11 பக்கம் குரூப் பாலிசில ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்ல நேம்டு பைப்னு மாத்திட்டா சரியாயிடும்.

டிரைவர்ல 32, 64 சண்டை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பிரிண்டர் 32 பிட் சிஸ்டத்துல இருந்தா 64 பிட் ஆளுக்கு குடுக்க அதுகிட்ட டிரைவர் இருக்காது. 1020 மாதிரி பிரிண்டர்ல இது இன்னும் வலிக்கும், ஏன்னா அதுக்கு சொந்த மூளை கம்மி, பக்கத்த புள்ளி புள்ளியா வரையறது முழுக்க கம்ப்யூட்டர் டிரைவர்தான், ஃபர்ம்வேர் கூட ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் எறங்கும். அதனாலதான் ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கற சின்ன யுஎஸ்பி பிரிண்ட் சர்வர் பாக்ஸ் பலதும் இதோட ஒத்துப்போகாது, வாங்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பர சொல்லி கேட்டுக்கோங்க. டாட் மேட்ரிக்ஸ் பரவால்ல, வெறும் எழுத்த அனுப்பினாலே அடிச்சுட்டு போகும், டாஸ் பில்லிங்ல நெட் யூஸ் கமாண்ட் போட்டு எல்பிடி1ன்ற பழைய பிரிண்டர் போர்ட்ட ஷேர்டு பிரிண்டருக்கு திருப்பி விட்டுடலாம், டிரைவரே வேண்டாம்.

லேசருக்கு நான் பண்றது லோக்கல் போர்ட் வேலை. ஷேர்டு பிரிண்டர தேடி கனெக்ட் பண்ணாம, "லோக்கல் பிரிண்டர் சேர்"னு போய் புது லோக்கல் போர்ட் உருவாக்கி அதோட பேரா ரெண்டு பேக்ஸ்லாஷ், சிஸ்டம் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பேருன்னு அடிச்சு, அந்தந்த சிஸ்டத்துக்கு உண்டான டிரைவர அங்கயே போட்டுடறது. அந்தப் பக்கத்துலேர்ந்து டிரைவர் வாங்கற பேச்சே இல்ல, அதனால டிரைவர் சம்பந்தப்பட்ட எர்ரர் பாதி அப்படியே மறைஞ்சுடும்.

பிரிண்ட் வரிசை மாட்டிக்கிட்டு அழியாம நிக்குதுன்னா அது தனி, சீக்கிரம் முடியற விஷயம். ஸ்பூலர ஸ்டாப் பண்ணி, சிஸ்டம்32க்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டர், அதுல இருக்கறத மட்டும் அழிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட். ஃபோல்டரையே அழிச்சுடாதீங்க.

வக்கீல் ஆபீஸ்ல கடைசில பண்ணது ரொம்ப சின்ன வேலை. பிரிண்டர் ஒயர எக்ஸ்பிலேர்ந்து புடுங்கி ஸ்டெனோ அக்காவோட விண்டோஸ் 7ல சொருகினேன். அது நடுத் தலைமுறை, தாத்தாவோட எஸ்எம்பி முதல் வெர்ஷன்லயும் பேசும், பேரனோட 2.1லயும் பேசும், யாரும் யாருக்காகவும் மாற வேண்டாம், லேப்டாப்ல முதல் வெர்ஷன ஏத்தவும் வேண்டாம். பிரிண்ட்டுக்குன்னு ஒரு யூசர், ஐபி ரிசர்வ், எக்ஸ்பிலயும் லேப்டாப்லயும் லோக்கல் போர்ட், லேப்டாப்ல நேம்டு பைப். லேப்டாப்ல "டிஃபால்ட் பிரிண்டர விண்டோஸே பாத்துக்கட்டும்"ன்ற டிக்க எடுத்தேன், அது இருந்தா கடைசியா எதுல அடிச்சோமோ அதயே டிஃபால்ட்டா மாத்திக்கிட்டே இருக்கும், வீட்டு பிரிண்டருக்கு அஃபிடவிட் போய் நிக்கும். ஸ்டெனோ சிஸ்டம் தூங்காம இருக்க ஸ்லீப்ப ஆஃப் பண்ணேன். விண்டோஸ் 7க்கும் சப்போர்ட் 2020 ஜனவரி 14லயே முடிஞ்சுடுச்சு, அதனால இது நெரந்தரம் இல்ல, நெட்வொர்க் கேபிள் சொருகற ஓட்டை வெச்ச பிரிண்டர் ஒண்ணு வாங்கற வரைக்கும்தான்னு சீனியர்கிட்டயே சொல்லிட்டேன். எக்ஸ்பிக்கு ரவுட்டர்ல இன்டர்நெட்ட மட்டும் கட் பண்ணிட்டேன், பில்லிங்குக்கு அது எதுக்கு.

குமாஸ்தாவுக்கு மட்டும் மனசு ஆறல. ஆயுத பூஜைக்கு அவர் கையால சந்தனம் குங்குமம் வெச்ச பிரிண்டர், இப்ப அக்கா டேபிள்ல இருக்கு. "அடிக்கறது என் சிஸ்டத்துலேர்ந்துதான தம்பி?"ன்னு ரெண்டு தடவ கேட்டார். ஆமாண்ணே, நீங்க பிரிண்ட் குடுங்க, அக்கா சிஸ்டம் ஆன்ல இருந்தா வரும், காலைல யார் மொதல்ல வந்தாலும் அத ஆன் பண்ணிடுங்கன்னு சொல்லி, ஐபி நம்பரையும் ஷேர் பேரையும் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி மூணு சிபியு மேலயும் ஒட்டிட்டு வந்தேன்.